பின் சீட்டுக்கு வந்த கட்டன்சாயா

போன வருடம் ஓணம் கழிந்து, மழை கொஞ்சம் ஓய்ந்திருந்த ஒரு சாயங்காலம். அருமனைக்குப் பக்கத்தில், மெயின் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு இறங்கும் முடுக்கில், ஒரு புத்தம்புதிய பெரிய காருக்குள் நானும் என் வீட்டுக்காரரும் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். கதவைத் திறக்க முடியாது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. வெளியே ஊரே கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் கண்ணும் நிறைந்துவிடுகிறது.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்யாணமான மறு வருடமே கல்ஃபுக்குப் போனவர். அங்கே ஒரு பெரிய வீட்டில் டிரைவர் வேலை. அந்த வீட்டுக்காரர்கள் வண்டியை மாற்றினார்களே தவிர, இவரை மாற்றவில்லை. ஒவ்வொரு வண்டியும் முந்தினதைவிடப் பெரியதாக இருக்கும். மூன்று வரிசை சீட், இடுப்பு உயரத்துக்கு டயர். ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று போட்டோ எடுத்து அனுப்புவார். எல்லாப் போட்டோவிலும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டிருப்பார். "என்ன, ஸ்கூல் பிள்ளை மாதிரி நிக்கிறீங்க?" என்று கேலி செய்தால், துடைத்து வைத்த வண்டியில் கை பட்டால் விரல் அடையாளம் தெரியும் என்பார்.

வேலையை விட்டு ஊருக்கே வந்துவிட்ட பிறகு அவருக்கு இருந்த ஒரே ஆசை, அதுபோல ஒரு வண்டி சொந்தமாக வேண்டும் என்பதுதான். மற்றபடி ஆசையே இல்லாத மனிதர். புதுச் சட்டை எடுத்துக் கொடுத்தால்கூடப் பழையது கிழியட்டும் என்று அலமாரியில் வைத்துவிடுவார். எங்களிடம் ஏற்கெனவே ஒரு சின்னக் கார் இருக்கிறது. அவர் அங்கே இருந்த காலத்தில் மாமனாரை அடிக்கடி நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்ததால், நான் அதில்தான் ஓட்டக் கற்றுக்கொண்டேன். பெரிய வண்டி வாங்கினால் அவருடைய சேமிப்பில் பெரும்பகுதி போய்விடும். மகள் சென்னையில் இருக்கிறாள். வீட்டில் நாங்கள் இரண்டே பேர். இரண்டு பேருக்கு எதற்கு ஏழு சீட் என்று கேட்டேன். அவர் காது கேளாதவர் போல ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. நாலு பேர் பார்க்க வேண்டும் என்று இந்த வயதில் இவருக்கும் தோன்றிவிட்டதோ என்று நினைத்துக்கொண்டேன்.

வண்டி பார்க்கிற படலம் மாதக்கணக்கில் நடந்தது. நாகர்கோவிலில் இருக்கிற ஷோரூம் எல்லாம் ஏறி இறங்கினோம். ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, யோசித்து, திரும்பப் போவதற்குள் அதன் விலை ஏறியிருக்கும். அடுத்த மாதம் இன்னும் ஏறும், இப்போதே முன்பணம் கட்டிவிடுங்கள் என்பார்கள். எங்களுக்கும் கொஞ்சம் ரப்பர் மரம் இருக்கிறது. ரப்பர் ஷீட் விலை அத்திபூத்தாற்போல ஏறும், ஏறின கையோடு இறங்கியும் விடும். கார் விலைக்கு ஏறத்தான் தெரிகிறது, இறங்கத் தெரியவில்லை. ஒரு நாள் பொறுக்க முடியாமல் ஷோரூமில் வைத்தே கேட்டுவிட்டேன், இது வண்டியின் விலையா வீட்டின் விலையா என்று.

எங்களுக்கு வண்டி காட்டிய பெண் குலசேகரத்துக்காரி. சின்ன வயது, ஆனால் சளைக்கிற ஆள் இல்லை. "ஆன்ட்டி, மின்ன ரெண்டு ஏர்பேக் இருந்த வண்டில இப்போ ஆறு இருக்கு. பிரேக்கு, கேமரா எல்லாம் மாறிப் போச்சு. வெலைய வெறுதே ஒண்ணும் ஏத்தல்ல, கேட்டீங்களா?" என்றாள்.

வண்டி விஷயத்தில் என் வீட்டுக்காரர் யார் பக்கமும் சாயமாட்டார். "உசிரக் காப்பாத்துற சாமானுக்குக் குடுக்குற காசு நியாயந்தான் மக்ளே," என்றார். "ஆனா மேல பொளந்து வச்சிருக்க இந்தக் கூரைக்கு எதுக்காக்கும் காசு?"

சன்ரூஃப் என்று சொல்கிறார்களே, பட்டனை அழுத்தினால் திறக்கிற கண்ணாடிக் கூரை, அதன்மேல் அவருக்கு அப்படி ஒரு கோபம். எங்கள் பக்கத்தில் பாதி வருடம் மழை. மீதி வருடம் வெயில் மண்டையைப் பிளக்கும். இரண்டும் இல்லாத நாளில் திறந்தால் ரப்பர் காய் வெடித்து விதை தலையில் விழும். இதை இங்கே எவன் திறப்பான் என்று அந்தப் பெண்ணிடமே நியாயம் கேட்டார். ஆனால் நல்ல பிரேக்கும் எல்லா வசதியும் உள்ள மாடல் வேண்டுமென்றால் கூரையையும் சேர்த்துத்தான் வாங்க வேண்டுமாம். வேண்டியதோடு வேண்டாததையும் கட்டி விற்கிற இந்த வித்தைதான் விலை ஏற்றத்தில் பாதி என்று எனக்குப் பட்டது.

இதற்கு நடுவில் எதிர்வீட்டு அண்ணன் வேறு. ரப்பர் வியாபாரத்தில் சம்பாதித்தவர். இதே அளவு வண்டி ஒன்றைப் பல வருடங்களுக்கு முன்பே வாங்கிவிட்டார். அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் மெயின் ரோட்டில் ஷெட் போட்டு அங்கேயே நிறுத்துவார். போகிறவர் வருகிறவர் கண்ணில் படத்தான் அப்படி என்று முடுக்கு முழுவதும் பேச்சு. நாங்கள் ஷோரூம் போய்விட்டுத் திரும்பும்போதெல்லாம் வாசலில் நின்று, "இப்போ என்ன வெல சொல்லுதான்?" என்று கேட்பார். சொன்னதும் முகம் அப்படியே மலரும். "நான் எடுக்கும்ப இவ்வளவு ஒண்ணும் இல்ல, பாத்துக்கோ!" அந்த வண்டியை ஓட்டுவதைவிட அதன் பழைய விலையைச் சொல்வதில்தான் அவருக்குச் சுகம். விலை ஏறினதில் மனதாரச் சந்தோஷப்பட்ட ஒரே மனிதர் அவராகத்தான் இருக்கும்.

கடைசியில், நான் சொன்ன அந்தச் சாயங்காலம், ஓட்டிப் பார்ப்பதற்காக ஊருக்கே வண்டியைக் கொண்டுவரச் சொன்னோம். அந்தப் பெண்ணே மெயின் ரோடு வரை ஓட்டிக்கொண்டு வந்தாள். நாங்கள் நடந்து போய்ச் சேர்ந்தோம். "அங்கிள் ஓட்டிப் பாருங்க," என்று அவள் இறங்கப் போனாள்.

"இல்ல மக்ளே, நீயே ஓட்டு."

எனக்கு ஆச்சரியம். மாதக்கணக்கில் அலைந்தது ஸ்டீரிங்கைப் பிடிக்கத்தானே? அவர் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்து லேசாகக் குனிந்தார். நான் ஏறியதும் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். இனி முன்னால் போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்காருவார் என்று நினைத்தேன். அவரோ வண்டியைச் சுற்றி வந்து, மறுபக்கக் கதவைத் திறந்து, என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். சீட்டை உள்ளங்கையால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

களியல் வரை போய் வந்தோம். வண்டி அலுங்காமல் குலுங்காமல் போனது. அவர் தினமும் பார்க்கிற ரப்பர் மரங்களை ஊருக்குப் புதிதாக வந்தவர் போல ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு வந்தார். திரும்பி வந்ததும் நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஷெட் எங்கே போடுவது என்று பார்க்க வேண்டாமா, வீட்டு வாசல் வரை ஓட்டிப் பார்க்கலாமே என்றேன்.

எங்கள் முடுக்கைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு காலத்தில் லாரி வந்து செங்கல் இறக்கிய பாதை அது. அப்புறம் வீட்டுக்கு ஒருவர் கல்ஃபுக்குப் போனார்கள். பணம் வந்ததும் எங்கள் பக்கத்தில் முதலில் எழும்புவது மதில்தான். வேலியைப் பிரித்துவிட்டுக் கல் மதில் கட்டும்போது ஒவ்வொரு வீடும் நாலு விரல் வெளியே தள்ளிக் கட்டியது. எதிர்வீட்டு அண்ணன் தள்ளினால் நாங்கள் மட்டும் என்ன இளப்பமா? நானும் தள்ளித்தான் கட்டினேன். கட்டி முடித்து, பெயின்ட் அடித்து, அவருக்குப் போட்டோ வேறு அனுப்பினேன். கல்ஃப் பணத்தில் பாதையைச் சுருக்கிவிட்டு, அதே கல்ஃப் பணத்தில் பெரிய வண்டி வாங்கக் கிளம்புகிற புத்திசாலிகள் எங்களைத் தவிர வேறு யார் இருப்பார்கள்?

பாதித் தூரம் நன்றாகத்தான் இறங்கினோம். எங்கள் வீட்டுக்குச் சற்று முன்னால் ஒரு வளைவு. அதற்குள் வண்டியைப் பார்க்க எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

"எடப்பக்கம் ஒடி மக்ளே!"

"வேண்டாம் வேண்டாம், வலப்பக்கம் ஒடி!"

"பைய, பைய... வரட்டு, வரட்டு!"

வண்டிக்குள் ஏதோ ஒரு கருவியும் அவர்களோடு சேர்ந்து கீச்சுகீச்சென்று கத்தத் தொடங்கியது. அந்தப் பெண் பாவம், மரியாதை தெரிந்தவள். எல்லோரும் சொன்னதைக் கேட்டாள். ஒரு பக்கம் எங்கள் மதில், மறுபக்கம் எதிர்வீட்டு அண்ணன் மதில், நடுவில் அந்த வண்டி, புட்டுக்குழலில் அடைத்த மாவு போல நின்றுவிட்டது.

கதவைத் தள்ளினால் கைவிரல் நுழைகிற அளவுதான் திறந்தது. பின்பக்கக் கதவைத் தூக்கி இறங்கலாம் என்றால், ரப்பர் ஷீட் ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று பின்னாலேயே வந்து ஒட்டிக்கொண்டு நின்றது. அதற்கும் பின்னால் ஸ்கூல் வேன். உள்ளே இருந்த பிள்ளைகள் திருவிழாவுக்கு வந்ததுபோல் கூவிக்கொண்டிருந்தன. அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. கீறல் விழுந்தால் எனக்க வேலை போவும் ஆன்ட்டி என்று அழ ஆரம்பித்தாள்.

"கரையாத மக்ளே. அந்தக் கூரையத் தொற," என்றார் என் வீட்டுக்காரர்.

மாதக்கணக்கில் அவர் திட்டித் தீர்த்த அதே கூரை. சத்தமில்லாமல் திறந்தது. அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு, சீட்டில் ஏறி நின்று, கூரை வழியாக எங்கள் மதிலில் தாவி இறங்கினாள். இரண்டு பக்கமும் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு கீறல்கூட இல்லை என்று கத்தினாள். எல்லோரும் கை தட்டினார்கள். இனி ஸ்கூல் வேன் மேட்டில் பின்னோக்கி ஏறி ரோட்டுக்குப் போக வேண்டும், பிறகு குட்டியானை போக வேண்டும், அதற்குப் பிறகுதான் நாங்கள் அசைய முடியும். இந்த உடம்போடு கூரை வழியாக ஏற எனக்குத் தைரியம் இல்லை. அவரும் என்னை விட்டுவிட்டுப் போகவில்லை.

எதிர்வீட்டு அண்ணன் தன் மதில்மேல் ஏறி, வண்டிக்கு நேர்மேலே காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்துகொண்டார். அவர் மனைவி, எங்களுக்கு மைனி, பால் விடாத கட்டன்சாயா போட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு கிளாஸ் சாயா கூரை வழியாக எங்கள் கைக்கு இறங்கி வந்தது. நான் குடிக்கத் தொடங்கினேன். என் வீட்டுக்காரர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"குடிங்க, ஆறிப்போவும்."

"அங்க இத்தன காலம் வண்டிக்குள்ள ஒரு மொடக்கு தண்ணி குடிச்சதில்ல, கேட்டியா," என்றார். பிறகு மெதுவாகக் குடித்தார்.

அப்போதுதான் நான் கேட்டேன், இவ்வளவு ஆசைப்பட்டுவிட்டு ஏன் ஓட்டவில்லை என்று. அவர் முன்னால் இருந்த கண்ணாடியைக் காட்டினார். பின்னால் வருவதைப் பார்ப்பதற்கு நடுவில் மாட்டியிருக்குமே, அந்தக் கண்ணாடி.

"அங்க பின் சீட்டுல பெண்ணுங்க ஏறினா, இதக் கூரையப் பாத்துத் தூக்கி வச்சிரணும். அதாக்கும் மொறை. பின்ன பக்கத்துக் கண்ணாடிய வச்சுத்தான் ஓட்டணும். பின்னால என்ன நடந்தாலும் எனக்குச் சத்தம் மட்டும்தான் கேக்கும். மொதலாளியும் பெஞ்சாதியும் என்னத்தையோ பேசிச் சிரிச்சிட்டே வருவாங்க. சண்டையும் போடுவாங்க. நான் நெனைப்பேன், ஒரு நாளு நானும் இவளும் இதே மாதிரி பின்னால இருந்து போவணும்னு."

யோசித்துப் பார்த்தேன். கல்யாணத்தன்று அம்பாசடரின் பின் சீட்டில் வந்தோம், அன்றைக்கு எங்களுக்கு நடுவில் அவருடைய அத்தை உட்கார்ந்திருந்தார். அதன் பிறகு ஒவ்வொரு தடவை அவர் கல்ஃப் போகும்போதும் வரும்போதும், எங்கள் பக்கத்து வழக்கப்படி, சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் வேன் பிடித்துத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குப் போவோம். போகிற ஆள் என்ற மரியாதையில் அவரை டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பார்கள். நான் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு கடைசி வரிசையில். எங்கள் சின்னக் காரிலோ நானோ அவரோ ஓட்டியாக வேண்டும். ஏழு சீட் எதற்கு என்று நான் கேட்டதற்கு அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்று எனக்கு விளங்கியது. அவருக்கு வேண்டியிருந்தது இரண்டே சீட். அதை எப்படி வாய்விட்டுச் சொல்வது என்று தெரியாமல் என் மனிதர் முழு வண்டிக்கும் விலை கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

என் கிளாஸில் மிச்சமிருந்த சாயாவை அவர் கிளாஸில் ஊற்றிவிட்டு, அவர் தோளில் சாய்ந்துகொண்டேன். வெளியே ஊர் நின்றது. நின்றால் நிற்கட்டும் என்றிருந்தேன்.

வேனும் குட்டியானையும் ஒருவழியாக ரோட்டுக்கு ஏறின. அவர் சீட்டுகளின் இடைவெளி வழியாக எப்படியோ நுழைந்து முன்னால் போய் ஸ்டீரிங்கைப் பிடித்தார். முதலில் நடுக் கண்ணாடியைத் திருப்பினார். அதில் பாதை தெரிந்திருக்காது, நான்தான் தெரிந்திருப்பேன். அவருடைய கண்ணை நான் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பிறகு யாரையும் பேச விடாமல், பக்கத்துக் கண்ணாடிகளை மட்டும் பார்த்து, அவ்வளவு பெரிய வண்டியை ஒரு உரசல் இல்லாமல் பின்னோக்கி ரோட்டில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பெண் ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

எதிர்வீட்டு அண்ணனும் மூச்சு வாங்க ரோட்டுக்கு வந்து சேர்ந்தார். என் வீட்டுக்காரரை ஒரு ஓரமாகக் கூட்டிப் போனாலும், அவர் குரல் ஊருக்கே கேட்கும். "தம்பி, எனக்க வண்டியும் அந்த வளைவுலதான் மாட்டிச்சு. எல்லாரும் திருவிழாக்குப் போன நேரம், ஒருத்தரும் பாக்கல்ல. அதாக்கும் ரோட்டுல ஷெட்டு போட்டது."

"பின்ன ஏன் அண்ணா இத்தன நாளும் சொல்லல்ல?"

"எப்பிடிடே சொல்ல? அவ்வளவு பைசா குடுத்து எடுத்துட்டு, வீட்டுக்குக் கொண்டுபோவ முடியல்லன்னா நாணக்கேடுல்லா?"

பழைய விலையை அத்தனை தடவை சொல்லிச் சந்தோஷப்பட்டதற்குக் காரணம் இதுதானா என்று நினைத்தேன். ஆனால் அடுத்து அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. "நீ வண்டிய எடு தம்பி. எனக்க மதில இடிச்சு உள்ள தள்ளிக் கெட்டுறேன்," என்றார். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. எங்கே இடிக்க வேண்டும் என்று அப்போதே கை காட்டினார்.

என் வீட்டுக்காரர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "நல்ல வண்டி அண்ணா. கேக்குற வெலையில பாதி நியாயந்தான். இன்னைக்கு அந்தக் கூரையும் நியாயமாயிப் போச்சு," என்று சிரித்தார். "ஆனா நாங்க ரெண்டு பேரும் பின்னால இருக்கணும்னா, முன்னால ஒருத்தன் என்னப்போல சம்பளத்துக்கு இருக்கணும். எனக்கு அது வேண்டாம். இன்னைக்கு இருந்தாச்சு, அது போதும்."

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு, வீட்டில் பழுத்திருந்த மட்டிப்பழம் ஒரு சீப்பைக் கொடுத்து அனுப்பினோம். விற்பனை நடக்காவிட்டாலும் பரவாயில்லை ஆன்ட்டி, கீறல் விழாததே போதும் என்று சிரித்துக்கொண்டே போனாள். அன்றைக்கு அவர் போதும் என்று சொன்னாரே தவிர, அடுத்த சில நாட்கள் பழைய போட்டோக்களைப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன். வாங்கித்தான் தொலைப்போமே என்றுகூட எனக்குத் தோன்றியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எதிர்வீட்டு அண்ணன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்தார். "தங்கச்சி, ரெண்டு பேரும் வெளிய எறங்குங்க. திற்பரப்பு அருவி வரை போயிட்டு வருவோம்." மைனி ஏற்கெனவே ரோட்டில் நின்றிருந்தார். என் வீட்டுக்காரர் பழக்கத்தில் முன்கதவுப் பக்கம் போனார். "அங்க எனக்க பெஞ்சாதி இருப்பா. நீ பின்னால போடே," என்று அண்ணன் விரட்டினார். பின்கதவை அவரே திறந்து பிடித்தார்.

நாங்கள் உட்கார்ந்தோம். அண்ணன் ஸ்டீரிங்கின் முன் அமர்ந்தார், ஆனால் வண்டியைக் கிளப்பவில்லை. கையை உயர்த்தி, நடுக் கண்ணாடியைக் கூரையைப் பார்த்துத் தூக்கி வைத்தார். அன்றைக்கு அவர் எங்கள் தலைக்கு மேலே மதிலில் உட்கார்ந்திருந்தது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"பேசுங்க, சிரிங்க, சண்டை போடுங்க. எனக்கு ஒண்ணும் தெரியாது," என்றார், திரும்பிப் பார்க்காமல்.

என் வீட்டுக்காரர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவ்வளவு காலம் காத்திருந்து கிடைத்த பின் சீட்டில் நாங்கள் திற்பரப்பு வரை பேசாமலேதான் போனோம்.

இப்போதும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படிப் போகிறோம். இப்போது நன்றாகவே பேசுகிறோம், சண்டையும் போடுகிறோம். அண்ணன் இப்போதும் புது வண்டி விலையை விசாரித்து முகம் மலர்கிறார். பெரிய வண்டி எடுக்க நினைக்கிற சொந்தக்காரர்கள் என்னிடம் கேட்கிறார்கள், இந்த விலை கொடுக்கலாமா என்று. பிரேக்குக்கும் ஏர்பேக்குக்கும் கொடுக்கலாம், முதலில் முடுக்கை அளந்து பாருங்கள் என்று சொல்கிறேன். ஆனால் எங்கள் சந்தோஷத்துக்காக ஒரு மனிதர் கண்ணாடியை மேலே திருப்பி வைத்தாரே, அதற்கு என்ன விலை சொல்வது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.